பூசணி என்றால் எது

ஜூன் 8, ஞாயிறு

இது பயிர் டயரி. கடிகாரக் கம்பெனியில் முப்பத்து மூன்று வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவள் நான். அளக்காமலும் எழுதி வைக்காமலும் எதையும் நம்பிப் பழக்கமில்லை. விதை போட்ட தேதி, தண்ணீர், உரம், காயின் சுற்றளவு, இவற்றைத் தவிர வேறெதுவும் இதில் வராது. சொந்தக் கதை எழுதுகிற வயதைத் தாண்டியாயிற்று.

விஷயம் இதுதான். எங்கள் செண்பகா கார்டன் குடியிருப்போர் சங்கம் பூங்கா போர்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ‘ஆயுத பூஜையை முன்னிட்டு வீட்டுத்தோட்டப் போட்டி. மிகப் பெரிய பூசணிக்காய் வளர்ப்பவருக்குச் சுழற்கோப்பை. எடை போடும் நாள் அக்டோபர் 2. ஒரு வீட்டுக்கு ஒரு காய்.’ போன வருஷம் கோலப் போட்டி வைத்ததில் இரண்டு தெருக்களுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனது. காய்கறி என்றால் சண்டை வராது என்று செயலாளர் பரசுராமன் நினைக்கிறார் போலிருக்கிறது. நேராக அவர் வீட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

மாலையில் புனேயிலிருந்து பூர்ணிமா. “ரிட்டயர் ஆயாச்சும்மா. ஓசூர்ல தனியா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துருங்க” என்று அதே பல்லவி. “அக்டோபர் ரெண்டு வரைக்கும் விடு கண்ணு, அப்புறம் நீ சொன்னபடி” என்றேன். போனை வைக்கும் முன் அக்டோபர் ஐந்தாம் தேதிக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டாள். என் மகள் அப்படித்தான். நான் வளர்த்தது.

ஜூன் 10, செவ்வாய்

விதை போட்டாயிற்று. எங்கள் ஊர் கோபியிலிருந்து தம்பி அனுப்பிய ஏழு விதைகள், நான்கு குழிகள்.

மண்புழு உரம் வாங்கப் போன கடையில் ஒரு பெண், “பூசணியா? மஞ்சளா, வெள்ளையா?” என்று கேட்டாள். இதில் என்ன கேள்வி? பூசணி என்றால் வெள்ளைதான். மேலே சாம்பல் பூத்து, தடவினால் கையில் மாவு ஒட்டும். மஞ்சளாக இருப்பது அரசாணிக்காய். அதைப் பொரியல் செய்யலாம். அதற்கு யார் கோப்பை கொடுப்பார்கள்?

ஜூன் 19, வியாழன்

ஐந்து முளைத்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் களைய வேண்டும்.

17ஆம் நம்பர் வீட்டுக்காரரும் ஏதோ கொடி போட்டிருக்கிறார். ஏப்ரலில் குடிவந்தவர். நாகர்கோவில் பக்கமாம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து ஏழு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. இதெல்லாம் நான் விசாரித்ததில்லை, பால்காரர் தானாகச் சொன்னது. சுவருக்கு மேலாக எட்டிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அது அநாகரிகம். பார்க்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பார்த்தேன். அரசாணி! கோபியில் வளர்ந்தவளுக்கு இலையைப் பார்த்தாலே தெரியாதா? அப்பாடா. போட்டிக்கு வருகிறவர் இல்லை, வீட்டுச் சமையலுக்கு வளர்க்கிறார். பயந்து வந்த எனக்கே சிரிப்பாக இருந்தது. நல்ல மனிதர் மாதிரித்தான் தெரிகிறார்.

ஜூலை 6, ஞாயிறு

கொடி இரண்டேகால் மீட்டர். மீன் அமிலம் தயார். மீனையும் வெல்லத்தையும் சேர்த்து மூடி வைத்து இருபத்தோரு நாள் ஆயிற்று. திறந்ததும் தெருவே மூக்கைப் பொத்தியது. 17ஆம் நம்பர்க்காரர் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, “கொள்ளாமே, என்ன மருந்து இது?” என்று கேட்டார். அவர் ஊரில் ‘கொள்ளாம்’ என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். தியேட்டரில் முப்பது வருஷம் நின்ற மூக்கு, எதற்கும் அசையாது போல. எதிரி இல்லை என்பதால் ஒரு பாட்டில் கொடுத்தேன். ‘ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லி, வாரம் ஒரு முறை’ என்று எழுதி ஒட்டியும் கொடுத்தேன். எதிரியாக இருந்தால் கொடுப்பேனா?

காபி ஒரு டம்ளர் அதிகமாகிவிட்டது. வீணாக்க மனமில்லாமல் சுவர் வழியாகக் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

காபி மறுபடி அதிகமாகிவிட்டது. பில்டரில் ஏதோ கோளாறு.

ஜூலை 20, ஞாயிறு

ஆண் பூ பதினொன்று. பெண் பூ ஒன்றும் இல்லை.

இன்று ஒரு கூத்து. தாணுலிங்கம் சார் (அதுதான் 17ஆம் நம்பர்க்காரர் பெயர்) என் கொடியைப் பார்த்து, “தடியங்கா கொடி நல்லா நிக்கி” என்றார். தடியன் என்று யாரைச் சொல்கிறார் என்று எனக்குச் சுருக்கென்று வந்தது. “யாருங்க தடியன்?” என்று கேட்டேவிட்டேன். மனிதர் பதறிப்போனார். “அய்யோ, உங்கள இல்ல மேடம்! இந்தக் காய்க்கு எங்க ஊர்ல தடியங்காய்னுதான் பேரு பாத்துக்கிடுங்க.” நான் சிரித்துவிட்டு, “உங்க காய்க்கு எங்கூர்ல அரசாணிக்காயுங்க” என்றேன். “அரசாணியா? அப்போ என் பக்கம் ராணி, உங்க பக்கம் தடியன்” என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு நாய் குரைத்தது.

பாவம், போட்டியைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானாகச் சொன்னால் பெருமையடிப்பது போல இருக்கும். அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 27, ஞாயிறு

முதல் பெண் பூ. ஆனால் தேனீயைக் காணோம். விடிந்ததும் கவலையோடு நின்றுகொண்டிருந்தேன். தாணு சார் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, “நான் வரட்டா?” என்றார். முதன்முறையாக வாசல் வழியாக வந்தார். சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினார். ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மூன்று முறை மெதுவாகத் தொட்டார். “முடிஞ்சுது. இனி சாயங்காலம் வரைக்கும் தொடாண்டாம், ரெஸ்ட் எடுக்கட்டு” என்றார். ஆபரேஷன் முடிந்து சொந்தக்காரர்களிடம் சொல்கிற குரல். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றும் கவனித்தேன். பிஞ்சைக் காட்டும்போது அவர் விரலை நீட்டுவதில்லை, முழங்கையால் காட்டுகிறார். பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று எங்கள் பக்கத்தில் விரலை மடக்கித்தான் காட்டுவோம். அவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று கேட்டேன். “அப்பிடியா? எனக்குத் தெரியாது. தியேட்டர்ல கழுவின கைய நீட்டக் கூடாது, அந்தப் பழக்கம்” என்றார். காரணம் எதுவானால் என்ன, பிஞ்சுக்கு நல்லது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிஞ்சு உதிராமல் நின்றுவிட்டது! சுற்றளவு 21 செ.மீ. மற்ற பிஞ்சுகளையெல்லாம் கிள்ளிவிட்டேன். ஒரு கொடி, ஒரு காய். பழ ஈ குத்தாமலிருக்க தாணு சார் பேண்டேஜ் துணியால் சட்டை தைத்துக் கொடுத்தார். அவருடைய அரசாணிக்கும் அதே சட்டை. பள்ளிக்கூட யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

39 செ.மீ. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் அளக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் தாணு சார் காயையும் அளக்கச் சொன்னார். “டேப் பிடிக்க எனக்குத் தெரியாது, நீங்க பிடிச்சாத்தான் சரியா வரும்” என்கிறார். ஊசி மருந்தை அரை மில்லி பிசகாமல் அளந்தவருக்கு டேப் பிடிக்கத் தெரியாதாம்! இருந்தாலும் போய் அளந்தேன். 58. அவருடையது உருண்டை, என்னுடையது நீளம், ஒப்பிடக் கூடாது.

பூர்ணிமா போனில், “அம்மா, சாமானெல்லாம் ஒதுக்க ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றாள். பழைய செய்தித்தாளைக் கட்டி வைத்திருக்கிறேன் என்றேன். அதுவும் ஒரு சாமான்தானே. சாருக்கு ஐந்தாம் தேதி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்குச் சந்தர்ப்பம் வரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பயங்கரம். மதியம் அடித்த காற்று மழையில் முருங்கைக் கிளை முறிந்து கொடி மேல் விழுந்தது. காய்க்கு ஒன்றுமில்லை, ஆனால் அடித்தண்டு ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ‘தாணு’ என்று கத்தியதாக எதிர் வீட்டு அம்மாள் சொல்கிறார். அவருக்குக் காது மந்தம்.

தாணு சார் செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடி வந்தார். கையில் அந்தக் காலத்து முதலுதவிப் பெட்டி. “குடையப் பிடிங்க, எனக்கில்ல, கொடிக்கு” என்றார். பிளவைத் துடைத்து, இரண்டு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சி வைத்து, பேண்டேஜ் சுற்றி, மேலே டேப் ஒட்டினார். பிறகு மேல் கணுவில் மண் அணைத்து, “இங்கேருந்து புது வேரு பிடிச்சிரும். பயப்படாதீங்க கலா” என்றார். மேடம் எங்கே போயிற்று என்று இருவருமே கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் குடை பிடித்ததில் என் தோள் இன்னும் வலிக்கிறது. சந்தோஷமான வலி என்று எழுதினால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும்.

66 செ.மீ. நாளை பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

67! வளர்கிறது! வளர்கிறது!

செப்டம்பர் 5, வெள்ளி

76 செ.மீ. இன்று ஓணமாம். தாணு சார் ஓலன் செய்து கொண்டுவந்தார். கடையில் வாங்கிய பூசணித் துண்டு, தட்டைப்பயறு, தேங்காய்ப்பால். என் காயின் முன்னால் நின்று, அதன் இனத்தையே சமைத்துக் கொண்டுவந்ததற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்டார். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். பூர்ணிமாவின் அப்பா போன பிறகு இந்தப் பதினோரு வருஷத்தில் எனக்காக யாரும் சமைத்ததில்லை என்பது கழுவிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் உறைத்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

82. சாம்பல் பூக்கத் தொடங்கிவிட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று வாயைப் பிளக்கிறார்கள். இதற்குத் திருஷ்டி பட்டால் என்ன செய்வது? மற்ற எல்லாவற்றின் திருஷ்டிக்கும் பூசணியைக் கட்டலாம், பூசணிக்கு எதைக் கட்டுவது? தாணு சாரிடம் கேட்டேன். “நல்ல கேள்வி” என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

காபி, வழக்கம்போல.

செப்டம்பர் 21, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் என் கேட்டருகே நின்று பேசிக்கொண்டிருந்தோம். செயலாளர் பரசுராமன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கும்பகோணத்துக்காரர், எதையும் உரக்கத்தான் சொல்வார். “அடடே, ரெண்டு போட்டியாளரும் ஒரே எடத்துல! பூசணிக்குப் பேர் குடுத்தது மொத்தம் அஞ்சு வீடு, அதுல மூணு பேருக்குக் காய் அழுகிப்போச்சு. மிச்சம் நீங்க ரெண்டு பேர்தான்” என்றார்.

நான் தாணு சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“நீங்களும் பேர் குடுத்தீங்களா?” என்றேன்.

“ஆமா, ஜூன்லயே. பூசணிதானே போட்டுருக்கேன்” என்றார், தன் வீட்டுப் பக்கம் முழங்கையைக் காட்டி. “நீங்க தடியங்காய்தானே போட்டீங்க? நீங்க எப்பிடி?”

“இதுதானுங்க பூசணி! உங்களுது அரசாணி!”

பரசுராமன் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், அது பரங்கிக்காய்னா!” என்றார்.

இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது. மூன்று மாசமாக அவர் என்னைப் போட்டியில் இல்லாதவள் என்று நினைத்திருக்கிறார், நான் அவரை. அதனால்தான் மீன் அமிலம், அதனால்தான் பேண்டேஜ்! எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வாய்க் கோணத்தில் வந்துவிட்டது. அந்த நேரம் பரசுராமன் என்னிடம் திரும்பி, “உங்க பொண்ணு போன்ல சொன்னபடி உங்க வீட்டுக்கு வாடகைக்கு ஒரு பார்ட்டி சொல்லியிருக்கேம்மா. நீங்க அஞ்சாந்தேதி புனே கெளம்பினதும் ஆறாந்தேதி வெள்ளையடிச்சுக் குடுத்துடலாம்” என்றார்.

தாணு சார் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுபோனது. “அஞ்சாந்தேதியா?” என்றார். பிறகு, “சாரமில்ல” என்று அவர் ஊர்ப் ‘பரவாயில்லை’யைச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு சுழற்கோப்பைக்காக இவ்வளவு கோபமா? நான் என்ன வேண்டுமென்றா ஏமாற்றினேன்?

செப்டம்பர் 22, திங்கள்

85. அளந்தேன். 17ஆம் நம்பர் கதவு திறக்கவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

85. காபி அதிகமாகிவிட்டது. கொட்டினேன்.

செப்டம்பர் 25, வியாழன்

86. கொட்டினேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

86.

செப்டம்பர் 28, ஞாயிறு

சங்கக் கூட்டம் பூங்காவில். 17ஆம் நம்பர் வரவில்லை. பரசுராமன் எழுந்து, “நோட்டீஸ்ல பூசணின்னு தெளிவா போட்டிருக்கேன். பதினேழாம் நம்பர் வெச்சிருக்கறது பரங்கிக்காய். அத சேத்துக்க முடியாது. அதனால கலாமணி அம்மாதான் ஜெயிச்சாங்க. ரெண்டாந்தேதி சும்மா ஒரு மரியாதைக்கு எடை போட்டுக்கலாம்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கோப்பை என் கைக்கு வந்துவிட்ட மாதிரிதான். நியாயமாகப் பார்த்தால் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். கால் தானாக எழுந்துகொண்டது.

“ஏனுங்க செயலாளரே, எங்கூர்ல இது பூசணி, சரி. அவர் ஊர்ல அதுதான் பூசணியாமுங்க. நோட்டீஸ் ரெண்டு பேர் கண்ணுக்கும் சரியாத்தான் தெரிஞ்சிருக்குது. உங்க கும்பகோணத்து அகராதிய போர்டுல கூடவே ஒட்டியிருக்கோணும், நீங்க ஒட்டலீங்க.”

அவ்வளவுதான், கூட்டம் சூடு பிடித்துவிட்டது. மதுரைக்கார டீச்சர், “எங்களுக்கும் மஞ்சள்தான் பூசணி, அத சக்கரைப் பூசணின்னும் சொல்லுவோம்” என்றார். சென்னைக்காரர் ஒருவர் பரங்கிக்காகப் பரிந்து பேசினார். வேலைக்காகப் பத்து ஜில்லாவிலிருந்து வந்து சேர்ந்த ஊர் இது, ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். போன வருஷக் கோலத்தைவிடப் பெரிய சண்டையாகிவிடும் போலிருந்தது. கடைசியில் பூங்காத் தோட்டக்காரர் வெங்கடப்பா, பிறந்ததிலிருந்து ஓசூரிலேயே இருப்பவர், பூவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சார், எங்களுக்கு ரெண்டுமே கும்மடிதான். ஒண்ணு சாம்பல் கும்மடி, ஒண்ணு இனிப்பு கும்மடி. எது கனமோ அதுக்குக் குடுங்களேன்.”

அது தீர்மானமாயிற்று. முன்மொழிந்தது வெங்கடப்பா, வழிமொழிந்தது கலாமணி.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கையில் இருந்த கோப்பையை நானே கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மனசு லேசாக இருக்கிறது. ஏன் என்று எழுதப்போவதில்லை, இது பயிர் டயரி.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

88 செ.மீ., நீளம் 76.

இன்ச் டேப்புக்கும் வெர்னியருக்கும் பொட்டு வைத்தேன். தெருவெல்லாம் வண்டி கழுவி, பூசணி உடைக்கிறார்கள். ஒவ்வொரு முறை தொப்பென்று சத்தம் கேட்கும்போதும் எனக்கு என் காய்தான் ஞாபகம் வருகிறது. ஆட்டோக்காரர் சென்னப்பா கேட்டருகே நின்று, “அக்கா, இத ஒடச்சா ஓசூருக்கே திருஷ்டி போயிரும்” என்று சிரித்தார். கேட்டைப் பூட்டிவிட்டேன்.

பத்து மணிக்குத் தோட்டத்துக்குப் போனால், சுவரில் என் காய்க்கு நேர் எதிரே ஒரு சின்ன அரசாணிப் பிஞ்சு கயிற்றில் தொங்குகிறது. சுண்ணாம்பில் உருட்டு விழி, வளைந்த மீசை, துருத்திய நாக்கு. நாக்குக்குக் கீழே முதலுதவி டேப் ஒட்டி, நர்ஸ் கையெழுத்தில், ‘தடியனுக்குத் திருஷ்டி படாமலிருக்க’.

யோசித்துப் பதில் சொல்லியிருக்கிறார். பதினேழு நாள் யோசித்திருக்கிறார்.

காபி போட்டேன். அதிகமாகவில்லை, வேண்டுமென்றே இரண்டு டம்ளர் போட்டேன். ஒன்றைச் சுவர் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அரை மணி நேரத்தில் டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

எடை நாள். கொடியிலிருந்து வெட்டக் கத்தியோடு குனிந்தேன். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, “நீளமா காம்பு விட்டு வெட்டுங்க” என்றார். பதினொரு நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. ஒரே தள்ளுவண்டியில் இரண்டு காயையும் வைக்கோல் பரப்பி வைத்து, நான் முன்னால் இழுக்க, அவர் பின்னால் பிடிக்க, பூங்காவுக்குப் போனோம். வழியெல்லாம் வாசலில் நின்று கை தட்டினார்கள். ஊர்வலம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தெரு இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்றும் இருந்தது.

மின் தராசு. முதலில் என்னுடையது: 35.800. கூட்டம் ஓ என்றது. அடுத்து அவருடையது. முள் கிடையாது, எண்தான், ஓடி ஓடி நின்றது: 36.200.

நானூறு கிராம்! நானூறு கிராமில் தோற்றேன். நானே வாதாடி உள்ளே கொண்டுவந்த காயிடம் தோற்றேன். தோற்ற நானே முதலில் கை தட்டினேன், கை வலிக்கிற மட்டும் தட்டினேன். பொய் சொல்லவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பரசுராமன் கோப்பையைக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் தகராறு வராமலிருக்கப் பதிவேட்டில் தெளிவாக எழுதப்போவதாக மைக்கில் அறிவித்தார். “பதினேழாம் நம்பர், பரங்கிக்காய், முதல் பரிசு. பதினாறாம் நம்பர், கல்யாணப் பூசணி, ரெண்டாம் பரிசு.”

“என்ன பூசணி?” என்று தாணு சார் கேட்டார்.

“கல்யாணப் பூசணி சார். வெள்ளைப் பூசணிக்கு அப்படியும் பேர் உண்டே. கல்யாணச் சாம்பார்ல அதானே போடுவா.”

“கொள்ளாம்” என்றார். அதற்குப் பிறகு வீடு வரை வண்டியைப் பார்த்தபடியே வந்தார்.

கேட்டருகே வந்ததும் நின்று சொன்னார்: “கலா, எனக்குக் கோவம் காய்க்காக இல்ல. கூட்டத்துல நீங்க எனக்காகப் பேசினத வெங்கடப்பா சொன்னாரு. அஞ்சாந்தேதி போறத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க. பரசுராமன் சொல்லித் தெரிஞ்சுது. அதான் தாங்கல.”

ஆகஸ்ட் முழுக்கச் சந்தர்ப்பம் வரவில்லை என்று எழுதியிருக்கிறேனே, அது பொய். தினம் இரண்டு டம்ளர் காபிச் சந்தர்ப்பம் இருந்தது. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்து சொல்லவில்லை. இதை அவரிடம் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். எழுதியாயிற்று, இருக்கட்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

காய் முன்னறையில், வைக்கோல் மேல். எடை 35.800, மாற்றமில்லை.

காலையில் அவர் வாசல் வழியாக வந்தார். காபி குடித்தார். காயைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். நோயாளியைப் பார்க்கிற மாதிரி குனிந்து தட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு பெரிய தடியங்காய ரெண்டு பேரு தின்னு தீக்க முடியாது” என்றார்.

ரெண்டு பேர் என்றார். நான் திருத்தவில்லை.

“பேருதான் கல்யாணப் பூசணியாமே. பேருக்கேத்த மாதிரி செலவழிக்கலாமான்னு ராத்திரி பூரா யோசிச்சேன்” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, காயைத்தான் பார்த்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. அறுபத்தொரு வயதுக் காதுகள்!

நானும் காயைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம், எங்கள் கம்பெனி கடிகாரம், ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்து மூன்று வருஷமாக எந்தப் பொருளையும் நான் யோசிக்காமல் பாஸ் செய்ததில்லை.

“இது எவ்வளவு நாள் கெடாம இருக்கும்?” என்று அவரே மறுபடி கேட்டார்.

“காம்போட வெட்டியிருக்குதுங்க. தரையில வைக்காம வைக்கோல்ல வெச்சா,” என்று ஆரம்பித்து, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். “தை வரைக்கும் தாங்குமுங்க.”

அவர் முழங்கையால் அல்ல, கையை நீட்டியே என் கையைத் தொட்டார்.

அக்டோபர் 4, சனி

டிக்கெட் ரத்து. பரசுராமனிடம் வெள்ளையடிக்க ஆள் வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

பூர்ணிமாவுக்குப் போன் செய்தேன். “கண்ணு, நாளைக்கு நான் வரலை. முப்பத்தஞ்சு கிலோ காயை விமானத்துல ஏத்த மாட்டாங்க.”

“காய யாருக்காச்சும் குடுத்துட்டு வாங்கம்மா.”

“குடுக்க முடியாது. தை வரைக்கும் வெச்சிருக்கலாம்னு அவரும் சொல்றாரு.”

“எவரு?”

நான் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். இவள் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று அதுவரை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவள் அப்பா சிரிப்பது போலவே, மூச்சு வாங்க.

“அந்தக் காபி அதிகமாயிடற சாரா? ஜூலையிலிருந்து போன்ல சொல்லிட்டே இருக்கீங்க. நீங்களா சொல்லட்டும்னுதான் நானும் கேக்கல. சரி, தை எத்தனாந் தேதின்னு சொல்லுங்க. நான் ஆபீஸ்ல லீவு சொல்லோணும்.”